மதிலுக்கு அந்தப்பக்கம்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டின் பின்மதிலுக்கு அந்தப்பக்கம்தான் என்ர சிநேகிதியின் வீடு. அவளின்ர அம்மா புட்டு அவிச்சால் எங்களுக்கு மணக்கும். ஆனால் போறதென்றால் ஒழுங்கையால் காலி வீதிக்கு ஏறி, அடுத்த ஒழுங்கையால் இறங்கவேணும். சீப்பின் பல்லுகள் மாதிரி ஒழுங்கைகள். பக்கத்தில் பக்கத்தில் கிடந்தும் ஒன்றையொன்று தொடாது.

புறக்கோட்டைக்குப் போய்ப் பாருங்கோ. பிரதான வீதியும் கெய்சர் வீதியும் சமாந்தரமாக ஓட, முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெரு வரை அவற்றை வெட்டிச் செல்கின்றன. ஒரு தெருவை லொறி மறிச்சால் நாட்டாமைகள் அடுத்த தெருவால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்து அமைப்பு அது. மக்கள் மீதுள்ள அன்பினால் கீறியதல்ல, வியாபாரத்துக்காக. ஆனாலும் ஒரே அதிகாரம் ஒரே திட்டத்தில் கீறியது.

வெள்ளவத்தை அப்படி வளரவில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலம், தென்னந்தோட்டங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரையோரமாகத் தண்டவாளமும் வந்து கடற்பக்கத்தை மறித்துவிட்டது. தோட்டங்கள் துண்டு துண்டாக விலைப்பட்டபோது ஒவ்வொரு காணிக்குள்ளும் ஒவ்வொரு ஒழுங்கை. குறுக்குப் பாதை விட்டால் தன்ர காணி குறையும், பயன் பக்கத்துக்காரனுக்கும் போகும். யார் விடுவினம்? காணிக்காரரில் பிழை சொல்லவும் ஏலாது. அவர்களைச் சேர்த்து யோசிக்கவைக்க வேண்டிய நிர்வாகத்தில்தான் எனக்குக் கோபம்.

இந்த நூற்றாண்டில்தான் மரைன் டிரைவ் வந்து பல ஒழுங்கைகளின் கடற்பக்க முனைகளை இணைத்தது. நடுவில் இப்பவும் மதில்தான். வீடுகளை இடிச்சா குறுக்குத் தெரு போடுறது?

கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, அடம் மிலார்ட்-போல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு சந்தியில் எத்தனை வீதிகள் கூடுகின்றன என்று பார்த்து இதை அளந்தார்கள். அமெரிக்காவில் முட்டுத்தெருக்கள் போடுகிற போக்கு 1990களின் நடுப்பகுதியில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைந்திருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் அது கூடிக்கொண்டே போகிறதென்று 2020 இல் எழுதினார்கள். தெரு ஒருமுறை விழுந்த மாதிரித்தான் பிறகும் கிடக்கும் என்பதும் அவர்களின் முடிவு.

ஹோமாகம பக்கம் பஸ்ஸில் போனால் காணி விற்பனைப் பலகைகள் கனக்க. 20 அடிப் பாதை, மின்சாரம், குழாய்த் தண்ணீர் எல்லாம் போட்டிருக்கும். அந்தப் பாதை எங்க போய் முடியுதென்று மட்டும் போடமாட்டினம்.