வாணம்

வாணம் என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த மருந்தைக் காகிதக் குழலில் இறுகக் கிட்டித்து, குழலின் அடிவாயைக் களிமண்ணால் குறுக்கி, மெல்லிய குச்சி ஒன்றைப் பக்கத்தில் ஒட்டி, திரியில் நெருப்புப் பட்டதும் ஆகாயத்தில் சீறிப் பாயுமாறு அமைத்த வேடிக்கைப் பொருளாகும். குறுகிய வாயின் வழியே புகை கீழ்நோக்கி வேகமாக வெளிப்பட, குழல் மேல்நோக்கி உந்தப்படுகிறது. குச்சியோ அது திசை மாறிப் புரளாமல் காக்கிறது. கடைவீதியில் இன்று ராக்கெட் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்துச் சிறுவர்கள் காலி சோடா பாட்டிலில் குச்சியைச் செருகி, ஊதுவத்தியால் திரியைப் பற்றவைத்துவிட்டுத் திண்ணைக்கு ஓடும் இந்த எளிய பண்டத்துக்கு, யுத்தம், அரசியல், விளையாட்டு, சந்திர யாத்திரை ஆகிய அனைத்தையும் தொட்டுச் செல்லும் நீண்ட சரித்திரம் உண்டு.

தென்னாட்டில் வாண வேடிக்கை பழமையானது. 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே மகாநவமி உத்ஸவத்தில் தாம் கண்ட வாண வேடிக்கைகளை வியந்து குறித்திருக்கிறார். தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே வந்து இராஜபாளையத்தை நிறுவிய ராஜுக்களும், பதினோரு நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தின் அடியில் ஆடிப்பூரத் தேர் இழுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களும் திருவிழாவையும் மருந்து வேடிக்கையையும் பிரித்து நினைத்தவர்கள் அல்லர்.

வாணம் ஆயுதமாகி உலகறிந்தது மைசூரில். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் காகிதக் குழலுக்குப் பதிலாக இரும்புக் குழலைக் கையாண்டமையால், மருந்தை மேலும் இறுக்கி அடைக்கவும், வெகுதூரம் செலுத்தவும் இயன்றது. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கிழக்கிந்தியக் கும்பினியைச் சேர்ந்த கர்னல் பெய்லியின் சேனை முறியடிக்கப்பட்டபோது, மைசூர் வாணங்கள் கும்பினியாரின் மருந்து வண்டிகளைத் தகர்த்தன என்பது அப்போரைப் பற்றி வழங்கிவரும் செய்தி. 1799-ல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் இங்கிலாந்து சேர்ந்த வாணங்களை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் தம்முடைய ராக்கெட்டை உருவாக்கினார். அதே ராக்கெட்டுகளை ஆங்கிலேயர் 1814 செப்டம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கோட்டைமீது இரவெல்லாம் எறிந்தனர். விடியற்காலையில் கோட்டையின்மேல் தம் நாட்டுக் கொடி பறப்பதைக் கண்டு பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாட்டில் அந்த வாணங்களின் செவ்வொளியும் இடம் பெற்றது. 1918-ஆம் ஆண்டு பேஸ்பால் உலகத் தொடர் ஆட்டத்தில் இசைக்கப்பட்டு ஜனங்களின் உள்ளத்தைக் கவர்ந்த அப்பாட்டு, 1931-ல் சட்டப்படி அமெரிக்காவின் தேசிய கீதமாயிற்று. இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின் பந்தயங்களின் தொடக்கத்தில் அதைப் பாடுவது அங்கே நிலைத்த வழக்கமாகிவிட்டது. 2016-ல் கோலின் கேப்பர்னிக் என்னும் அமெரிக்கக் கால்பந்து வீரர், கறுப்பின மக்கள்மீது போலீஸார் இழைக்கும் கொடுமையைக் கண்டித்து, கீதம் ஒலிக்கும்போது முழந்தாளிட்டதும், நாடே இரு பிரிவாக நின்று வாதிட்டது. பழம்பெருமையும் அரசியலும் விளையாட்டும் ஒரே பாட்டில் கலந்துவிட்ட அந்தத் தேசத்தில், அப்பாட்டினுள் எரியும் வாணத்தின் முன்னோர் மைசூர்ச் சீமையினர் என்பதை நம் பாடப் புத்தகங்களாவது சொல்ல வேண்டும்.

திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ராக்கெட்டை 1926 மார்ச் 16-ஆம் தேதி மாசசூசெட்ஸில் ராபர்ட் காடர்ட் செலுத்தினார். 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் அடிவைத்தான். இவை நன்கு அறியப்பட்டவை. நமக்கு விசேஷமானது, 1963-ல் பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற இராமேசுவரத்து அப்துல் கலாம், வாலப்ஸ் தீவிலுள்ள நாசா நிலையத்தின் முன்கூடத்தில் திப்புவின் சேனை வாணம் எறியும் ஓவியத்தைக் கண்டு பூரித்த செய்தியாகும். அவ்வாண்டு நவம்பர் 21-ஆம் தேதி கேரளத்துத் தும்பாவிலிருந்து எழுந்த இந்தியாவின் முதல் ராக்கெட்டும் அமெரிக்கர் தந்ததே. பின்னர், இராஜபாளையத்துக்கு மேற்கே தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், மகேந்திரகிரியில், ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையம் அமைந்தது.

வேடிக்கை வாணத்தின் தற்காலச் சரித்திரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்டை ஊரான சிவகாசியைச் சார்ந்தது. மலைத்தொடரின் மழைமறைவில் கிடந்து வானம் பொய்த்த அந்தக் கரிசல் பூமியிலிருந்து 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தங்கள் பெட்டிகளில் அச்சிட்ட அணிலும் காக்கையும் அவர்கள் பெயரோடேயே ஒட்டிக்கொண்டன. 1940-ல் வெடிபொருள் விதிகள் ஏற்பட்டு, யுத்தத்தால் இறக்குமதியும் குன்றவே, பட்டாசு உற்பத்தி அங்கே வேரூன்றியது. மருந்து உலர்வதற்கு உதவிய வறண்ட காற்றே பயிர் விளையாமைக்கும் காரணம். விவசாயம் கைவிட்ட குடும்பங்கள் ‘பயராபீசு’ என்று அங்கே வழங்கும் பட்டாசு ஆலைகளுக்குச் சென்றன.

வாணம் வெடிக்கும் சந்தர்ப்பங்கள் தீபாவளியோடு நிற்கவில்லை; தேர்தலும் விளையாட்டும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. 1952 தேர்தலில் காமராஜரை ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்கு அனுப்பியதும், சென்னை மாகாண முதல் மந்திரியாயிருந்த இராஜபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா தோல்வி கண்டதும் இவ்வட்டாரத்திலேயே. வாக்கு எண்ணும் தினத்தில் வென்ற கட்சியார் சரவெடியைத் தெரு நீளத்துக்கு விரிப்பதும், கிரிக்கெட் உலகக் கோப்பையை இந்தியா வென்ற 2011 ஏப்ரல் 2-ஆம் தேதி இரவுபோன்ற வேளைகளில் இளைஞர்கள் ராக்கெட் விடுவதும் சம்பிரதாயமாகிவிட்டன.

பட்டாசின் பெயர்களும் மேலுறைகளும் தம் காலத்தின் சாட்சியங்கள். லட்சுமி வெடியும் குருவி வெடியும் விற்ற அதே கடையில், வல்லரசுகளின் போட்டிக்காலம் ‘ஆட்டம் பாம்’, ‘ஹைட்ரோ பாம்’ ஆகியவற்றையும் கொண்டுவந்து வைத்தது. உலகையே நடுக்கிய ஆயுதத்தின் பெயர் பச்சை நூல் சுற்றிய சிறு உருண்டைக்கு வாய்த்தது! மஞ்சளும் சிவப்பும் மிகுந்த அந்தக் காகிதங்களைக் கிழித்தெறியாமல் பெட்டியில் அடுக்கி வைத்தவர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள். அவற்றை முறையாகத் திரட்டி வைத்தால், தென்பாண்டி நாட்டுச் சாதாரண ஜனங்களின் கற்பனைக்கு அவற்றினும் நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

காங்கிரீவின் பெயரும் காடர்டின் பெயரும் சரித்திரத்தில் நிலைபெற்றன. குழல் சுருட்டி, மருந்து கிட்டித்து, திரி வைக்கும் கைகளுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கரிமருந்து படிந்த கையை அலசி அலசியும் விரலிடுக்கில் வெள்ளிநிற அலுமினியத் தூள் போகாமலே வீடு திரும்பும் பெண்கள் எத்தனையோ பேர். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாணத்தைப் பற்றிய எந்த நூலும் இவர்களை விட்டுவிட்டுப் பூர்த்தியாகாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான அபிப்பிராயம்.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், காற்று மாசைக் கருதி, பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்து, புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தது. சரவெடி கட்டும் வேலையையே நம்பியிருந்த குடும்பங்கள் இதனால் பெரிதும் நலிந்தன. ஒற்றை வாணமாகிய ராக்கெட்டோ புதிய மருந்துக் கலவையோடு தொடர்ந்து உற்பத்தியாகி வருகிறது. வேடிக்கை ராக்கெட்டின் கதை இப்படியிருக்க, விண்வெளி ராக்கெட்டுக்கும் இத்தென்னாட்டிலேயே இடம் வாய்த்தது: 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறு செயற்கைக்கோள்களைச் செலுத்தும் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.