டிங்கிக் காய்ச்சலில் தண்ணீர் ஏற்றுதல்

டிங்கி கண்டவருக்கு உப்புநீரைச் சிரைவழி செலுத்தும் சிகிச்சை. கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் அன்றாடம் நடப்பது. 2019இல் மலேசியாவில் 130,101 பேரை டிங்கி தாக்கியது. 182 பேர் இறந்தனர். நோயாளிகள் மிகுந்த மாநிலம் சிலாங்கூர்.

1832இல் ஸ்காட்லாந்தில் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, வாந்திபேதியால் சாகக் கிடந்த மூதாட்டி ஒருவருக்கு உப்புநீர் ஏற்றினார். மூதாட்டி பிழைத்தெழுந்தார். லாட்டா அங்கிருந்து போனபின் பேதி மீண்டும் கண்டது. மறுபடி ஏற்றப்படாமல், சில மணி நேரத்தில் உயிர் போயிற்று.

டிங்கியில் அளவு மிஞ்சினாலும் ஆபத்து.

   

மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும். வீட்டார் நிம்மதி அடையும் அந்நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு நின்று, வெளியேறிய நீர் குழாய்களுக்கே திரும்பும். அப்போதும் டிரிப் ஓடினால் நுரையீரலில் நீர் கோக்கும். எனவே எச்சரிக்கை அறிகுறி உள்ளவருக்கு கிலோவுக்கு மணிக்கு 5–7 மில்லிலிட்டரில் தொடங்கி, ஓரிரு மணி நேரத்தில் 3–5, பிறகு 2–3 என இறக்குவார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் மணியில் 300 மில்லிலிட்டர் போதுமானதாக இருக்கலாம்.

உறவினர் விசாரிப்பதெல்லாம் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான். மலாயாப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் லூசி லம் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வோ, இரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சிநிலைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவதால் பயனில்லை, நுரையீரல் வீக்கமே கூடுகிறது என்றது. எந்தத் திரவம் என்ற கேள்விக்கு வியட்நாமில் 383 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005இல் விடை தந்தது: மிதமான அதிர்ச்சிக்கு மலிவான ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசலே போதும்.

இன்று மருத்துவர் முதலில் நோயாளியின் கையைப் பிடிக்கிறார். நிறம், அழுத்திய விரலில் இரத்தம் திரும்பும் வேகம், சூடு, நாடியின் வலு, துடிப்பின் வேகம் ஆகிய ஐந்தும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம். அது ஏறினால் கசிவு. இறங்கி, நாடி வலுவாகி, சிறுநீரும் தாராளமாகப் பிரிந்தால் டிரிப்பைக் கழற்றலாம். இறங்கியும் நாடி தளர்ந்தே இருந்தால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது என்று பொருள். அவருக்கு வேண்டியது இரத்தம், உப்புநீரல்ல.