பாதத்தில் வரைந்த படம்

மாதவிலக்கிற்கு முன் பெண்டிர் உறும் தலைவலி, மார்புநோவு, மனச்சோர்வு முதலியன தொன்றுதொட்டு உள்ளவை. ஆயினும், 1931இல்தான் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பிராங்க் அவற்றைத் தனி நோய்நிலையாக எடுத்துரைத்தார்.

பாத அழுத்தச் சிகிச்சையும் அந்நாட்டிலேயே வளர்ந்ததாகும். மருத்துவர் வில்லியம் பிட்ஸ்ஜெரால்ட் உடலைப் பத்து நெடுமண்டலங்களாகப் பகுத்து, 1917இல் நூல் வெளியிட்டார். அதனைத் தழுவிய யூனிஸ் இங்காம் அம்மையார், பாதங்களில் உடலுறுப்புக்களுக்கு இடங்குறித்து, 1938இல் நூலொன்று எழுதினார். கருப்பைக்குரிய இடம் உட்கணுக்காலின் கீழ் என்பது அம்முறையினர் கொள்கை.

இச்சிகிச்சை மாதவிலக்கு முன்நோவைத் தணிக்குமா? ஓல்சன், பிளாக்கோ என்னும் இருவர் 35 பெண்களிடம் சோதித்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். சிலர்க்குக் காது, கை, கால்களில் உரிய இடங்களையும், வேறு சிலர்க்குப் பொருந்தா இடங்களையும் அழுத்தினர். முன்னவரே மிகுதியும் நலங்கண்டனர்.

எனினும் 35 பேர் சிறுதொகையே. மூன்று உறுப்புக்களையும் சேர்த்து அழுத்தியமையால், காலின் பங்கு தனியே விளங்கவில்லை. பாதத்தின் ஓரிடத்தைக் கருப்பையோடு இணைக்கும் தனிவழி எதனையும் உடற்கூற்றியல் காட்டவுமில்லை. ஆகவே, பாதப்படத்தை ஐயுறலாம். பெண்ணின் நோவை ஐயுறலாகாது. பாதம் பிடித்துவிடுதல் இதந்தரும். நோவு மிகின் மருத்துவரை நாடுதலே முறையாம்.