ஊருக்குப் பணம்: மார்க்கெட் தெருவிலிருந்து தேக்கா வரை

சிங்கப்பூர்த் தமிழரின் பேச்சில் ‘ஊர்’ என்னும் சொல் நெடுங்காலம் அடைமொழியின்றியே நின்றது. ‘ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் எந்த ஊருக்கு என்று எவரும் கேட்பதில்லை. சொல்பவர்க்கு அது கடையநல்லூராக இருக்கலாம், தேவகோட்டையாக இருக்கலாம், மன்னார்குடிக்கு அருகிலுள்ள சிற்றூராகவும் இருக்கலாம். கேட்பவர்க்கோ கடலுக்கு அப்பால் என்ற ஒரு பொருளே போதுமானதாக இருந்தது. நான்காம் வேற்றுமை ஏற்ற இந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து சென்றால், இந்நகரில் தமிழர் வாழ்ந்த வரலாற்றின் பெரும்பகுதியைத் தொட்டுவிடலாம். வங்கிக் கணக்குகளைவிடச் சொற்களையே நான் அதிகம் அறிந்தவன் ஆதலால், சொற்களின் வழியே செல்கிறேன்.

முதலில் நாணயம். நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. அக்காலத்தில் இங்கே சட்டப்படி செல்லுபடியான நாணயம் ரூபாய். ஆனால் சந்தையில் ஆட்சி செலுத்தியவை ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி நாணயங்களே. ஆட்சி லண்டனுக்கு மாறியபோது ரூபாய் சட்டத்திலிருந்தும் விடைபெற்றது. இங்குள்ள தமிழர் இன்றளவும் டாலரை ‘வெள்ளி’ என்று வழங்குவது அந்தப் பழைய நாணயத்தின் எச்சமாகும். கையில் புழங்கும் தாளிலும் காசிலும் வெள்ளி மறைந்து பல தலைமுறைகள் ஆயின, சொல் மறையவில்லை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் இளைஞர் ஒருவர், கடைக்காரர் ‘ரெண்டு வெள்ளி’ என்றதும் ஒரு கணம் திகைப்பதைத் தேக்காவில் இன்றும் காணலாம்.

அடுத்தது உண்டியல். தமிழ்நாட்டு மாணவரிடம் இச்சொல்லைக் கூறினால் கோயில் உண்டியலோ சிறுவர் காசு சேர்க்கும் மண் உண்டியலோதான் அவர் நினைவுக்கு வரும். மார்க்கெட் தெருவில் அது வேறு பொருள் தந்தது. வட இந்திய மொழிகளின் ‘ஹுண்டி’ தமிழில் ‘உண்டி’ என்றும் ‘உண்டியல்’ என்றும் வழங்கிற்று; ஓரிடத்தில் பெற்றுக்கொண்ட தொகையை மற்றோரிடத்தில் இன்னாருக்குத் தருக என்று எழுதும் பணமுறி அது. கண்டவுடன் தரவேண்டியது தரிசன உண்டியல்; குறித்த நாள் கழித்துத் தரவேண்டியது தவணை உண்டியல். பழந்தமிழில் உணவைக் குறிக்கும் ‘உண்டி’யோடு இதற்கு உறவில்லை, ஒலியொப்புமை மட்டுமே உண்டு. ஆயினும் ஊரில் அடுப்பு எரிவதற்கு இந்த உண்டியையே நம்பியிருந்த குடும்பங்கள் பல என்பதால், வேர்ச்சொல் ஆராய்வோர் தடுமாறினாலும் குற்றமில்லை.

இந்த உண்டியல்கள் எழுதப்பட்ட இடம் கிட்டங்கி. கிடங்கு என்னும் நம் சொல்லோடும் மலாய் ‘குடாங்’கோடும் ஆங்கிலேயரின் ‘கோடவுன்’னோடும் உறவுடைய சொல் இது. நீண்ட கூடம், இரு மருங்கிலும் தரையில் விரித்த பாய்கள், ஒவ்வொரு பாயிலும் சாய்வு மேசைபோன்ற ஒரு பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு நிறுவனம். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் நிறுவனங்கள் தம் முதலாளிகளின் பெயர்த் தலைப்பெழுத்துகளால் ஆன ‘விலாச’த்தால் அறியப்பட்டன. பொறுப்பாளராக வந்த மேலாள் மூன்றாண்டளவில் ஊர் திரும்ப, அடுத்தவர் வருவார். இவர்களே 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள்.

உண்டியலின் இயக்கத்தை மாணவர்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் கொடுத்த காசு கப்பலேறி நாகப்பட்டினம் போகவில்லை. சிங்கப்பூர், பினாங்கு, ரங்கூன், கொழும்பு, சென்னை என்று பரந்திருந்த நிறுவனங்களுக்கிடையே பற்றும் வரவும் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் கொடுத்த நூறு வெள்ளி இங்கேயே ஒரு சீன வணிகருக்குக் கடனாகலாம். ஊரில் அவர் தாய்க்குக் கொடுபடும் ரூபாய் வேறொரு வரவிலிருந்து வரும். நகர்ந்தது பேரேட்டில் ஒரு வரி மட்டுமே. அதனைத் தாங்கி நின்றது கையெழுத்தின் நம்பகம்.

ஆனால் இது கடைக்காரர்க்கும் கணக்கர்க்கும் கைவந்த வழி. துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்தவர்கள் பெரும்பாலும் அஞ்சலகத்தையோ ஆளையோ நம்பினார்கள். மணியார்டருக்குப் பிற்காலத்தார் ‘பணவிடை’ என்று அழகிய சொல் படைத்தனர். அனுப்பியவர்கள் எவரும் அதை வழங்கி நான் கேட்டதில்லை. ஆள்வழி அனுப்புவோர்க்குக் கப்பல் இருந்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓடியது. ஊருக்குச் செல்பவர் மடியில் பிறர் பணமும், கழுத்தில் பிறர் வீட்டுப் பெண்ணுக்கான சங்கிலியும் இருக்கும்.

அனுப்பிய தொகையின் மதிப்பு என்ன? இங்கே ஒரு வியப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். நீரிணை வெள்ளியின் மதிப்பு 1906இல் 2 ஷில்லிங் 4 பென்சாக நிலைநிறுத்தப்பட்டது; ரூபாயின் மதிப்பு 1927இல் 1 ஷில்லிங் 6 பென்சாயிற்று. பென்சில் கணக்கிட்டால் 28க்கு 18. அதாவது 9 வெள்ளிக்கு 14 ரூபாய். இரண்டும் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், 1949இல் பவுன் மதிப்பிறங்கியபோதும் சேர்ந்தே இறங்கின. போர்க்காலம் நீங்கலாக 1966 வரை இவ்விகிதம் அடிப்படையில் மாறவில்லை. மலாயாத் தோட்டங்களில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆணின் நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆகவே ஊரில் 14 ரூபாய் சேர ஓர் ஆண் 18 நாள் உழைக்க வேண்டும், அதுவும் இங்கே ஒரு காசும் செலவழிக்காமல். ‘வெள்ளி காய்க்கும் மரம்’ இங்கே இருப்பதாக நம்பியவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மூன்றரை ஆண்டுகள் ஊருக்குப் பணமும் இல்லை, கடிதமும் இல்லை. இங்கே கையில் புழங்கியது வாழைமரப் படம் தாங்கிய நோட்டு. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அது வெறுந்தாளாயிற்று. அங்கே மனைவியர் தாலிக்குரியவன் இருக்கின்றானா இல்லையா என்று அறியாமல் வாழ்ந்தனர். போரைப் பற்றிய நூல்கள் படைகளைப் பேசுகின்றன. வராத பணத்தை ஈடுகட்டக் கிராமங்களில் எத்தனை காணி நிலம் அடகுக்குப் போயிற்று என்பதைப் பேசுவதில்லை.

ஊருக்கு அனுப்பிய பணத்தை அன்பின் அடையாளமாகவும் பற்றின் சான்றாகவும் எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. துறைமுகத்தில் பணிபுரிந்த என் தந்தையார், எழுதத் தெரியாத தம் தோழர்களுக்காக வாரக் கடைசியில் நீலநிற வான்கடிதங்கள் எழுதிக்கொடுப்பார். அருகிலிருந்து கேட்டதில் என் நினைவில் நிற்பவை பாசமொழிகள் அல்ல. நலம் விசாரிப்பு ஒரு வரியில் முடிந்துவிடும். ‘இத்துடன்’ என்ற சொல் வந்ததும் பேசுபவரின் குரல் மாறும். இத்துடன் அனுப்பும் தொகையில் அம்மாவுக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு, அடகு வைத்த தோட்டை மீட்க இவ்வளவு, தங்கை நாத்தனார் வீட்டு மொய்க்கு இவ்வளவு. அனுப்புதல் என்ற வினைக்குள் பெரும்பாலும் அடைத்தல் என்ற வினையே ஒளிந்திருந்தது. பயணத்துக்கு வாங்கிய கடன் முதற்கொண்டு அது தொடங்கிவிடும்.

1966 ஜூன் 6ஆம் நாள் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதே 9 வெள்ளி ஒரே நாளில் ஏறத்தாழ 22 ரூபாயாயிற்று. ஆனால் அவ்வேளையில் இங்கே வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. 1965இல் தனிநாடு, 1967 ஜூனில் தனி நாணயம், 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்தவர்கள் குடியுரிமை பெற்று இங்கேயே தங்குவதா, பணிக்கொடையுடன் ஊர் திரும்புவதா என்று முடிவு செய்யவேண்டியதாயிற்று. தங்கியவர்கள் வீடமைப்புக் கழக வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சேமித்தனர். ஊருக்குச் சென்ற பணம் மாதம் ஒருமுறை என்பது தீபாவளி பொங்கலுக்கு மட்டும் என்றாகி, பின்னர் சாவுச் செய்திக்கு மட்டும் என்றாயிற்று. என் தந்தையாரிடம் சித்தப்பா எழுதிய கடைசிக் கடிதத்தில் ‘நீங்கள் எங்களை மறந்துவிட்டீர்கள்’ என்றிருந்தது. அவர் மறக்கவில்லை, எங்கள் மூவருக்கும் பள்ளிக்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். அதை அவர் பதிலில் எழுதவில்லை. எங்கள் வீட்டில் ‘ஊர்’ என்ற சொல்லுக்கு அடைமொழி தேவைப்பட்டது அதற்குப் பிறகுதான். ‘அப்பாவோட ஊர்’ என்றோம்.

மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் மறைந்தன. 1979இல் நாணய மாற்று, பணம் அனுப்பும் தொழில்களுக்கென்று உரிமச் சட்டம் வந்தது. பின்னர்க் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் தமிழ்நாட்டிலிருந்து புதிய தொழிலாளர் வந்தபோது, ஊருக்குப் பணம் என்ற தொடர் சிராங்கூன் சாலையில் மீண்டும் உயிர்பெற்றது. ஞாயிறு மாலையில் பணம் அனுப்பும் கடைகளின் முன் வரிசை. கண்ணாடியில் அன்றைய விலை. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்து ஒரு வெள்ளி 50 ரூபாயைத் தாண்டியபோது வரிசைகள் நீண்டன. முகவருக்குக் கட்டிய தொகைக்காக வட்டிக்கு வாங்கியவர்கள் அவ்வரிசையில் பலர். முதல் பல மாதச் சம்பளம் தாயின் கைக்குப் போகாமல் கடன்காரர் கைக்குப் போகும் கதை என் தந்தையார் காலத்துக் கதையேதான்.

2020 ஏப்ரலில் தொழிலாளர் தங்கும் விடுதிகள் மூடப்பட்டபோது வரிசையும் நின்றது. பணம் கைப்பேசிக்குள் புகுந்தது. 2023 பிப்ரவரி 21ஆம் நாள் சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வெள்ளி வரம்பு. தொலைபேசி எண் இருந்தால் போதும். வசதியை நான் குறைகூறவில்லை. அரைநாள் விடுமுறையை வரிசையில் இழந்தவரிடம் கேட்டால் அதன் அருமை தெரியும். ஆனால் ‘இத்துடன்’ போய்விட்டது. இன்னின்னார்க்கு இவ்வளவு என்ற பகிர்வு இப்போது குரல்பதிவில் சொல்லப்பட்டு, இடம் நிறைந்ததும் அழிக்கப்படுகிறது.

இலங்கைத் தமிழர் லண்டனிலும் டொரண்டோவிலும் வங்கிக்கு வெளியே பணம் அனுப்புவதை இன்றும் ‘உண்டியல்’ என்றே வழங்குகின்றனர். மார்க்கெட் தெருவின் சொல் அங்கே வாழ்கிறது. இங்கே அதை அறிந்தவர்கள் எண்பதைக் கடந்துவிட்டனர். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் முதியோர் பலரின் குரலைப் பதிந்து வைத்துள்ளது. கடிதங்களும் மணியார்டர் அடிக்கட்டைகளும் இன்னும் வீடுகளில்தான், பிஸ்கட் டின்களில் கிடக்கின்றன. வீடு மாறும்போது முதலில் எறியப்படுவதும் அந்த டின்தான். வகுப்புக்கு அவற்றைக் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர்கள், எழுதியவர் யார், தொகை யாருக்கு, எதற்கு என்பவற்றையும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு அதே உறையின் மீது பென்சிலால் குறித்துவரச் சொல்ல வேண்டும். மையால் எழுதினால் பழந்தாள் ஊறிவிடும்.