ஆறு பென்ஸ் பூ

லண்டன் போகிறீர்கள். ஆபீஸ் வேலையோ, மகன் வீடோ, ஏதோ ஒன்று. ஒரு சாயங்காலம் ஃப்ரீயாகக் கிடைக்கிறது. ராயல் ஓபரா ஹவுஸில் பாலே பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். ஆடப்போகும் அம்மணியின் புகழ் உங்கள் காதுவரை வந்திருக்கிறது. வெறுங்கையோடு போவானேன், நாலு பூ வாங்கிக்கொண்டு போவோமே என்று தோன்றுகிறது. நல்ல எண்ணம்தான். வாங்குங்கள்.

ஆனால், பொக்கேயும் கையுமாக நேரே மேடைக்குப் போய்விட முடியாது. கலைஞர்களுக்கு வாசலே தனி. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுத் தெருவுக்குப் போனால் 'ஸ்டேஜ் டோர்' இருக்கிறது. பூவோ, கடிதமோ, காதலோ... எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போகவேண்டும் என்பது பழைய வழக்கம். அந்தத் தெருவின் பெயர் என்ன தெரியுமா? ஃப்ளோரல் ஸ்ட்ரீட். சாட்சாத் பூத்தெரு!

பெயர் சும்மா வரவில்லை. ஓபரா ஹவுஸ் இருக்கும் பேட்டைக்கு கோவென்ட் கார்டன் என்று பெயர். ஒரு காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளின் தோட்டம். அப்புறம் பெட்ஃபோர்டு பிரபு குடும்பத்தின் சொத்து. 1670-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர், இங்கே சந்தை போட்டுக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு சாசனம் எழுதிக்கொடுத்தார். காய், பழம், பூ. அன்று முதல் 1974 வரை, 300 வருஷத்துக்கு மேல், லண்டன் மாநகரத்தின் பூவெல்லாம் இங்கேதான் வந்து இறங்கியது. நம் கோயம்பேடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே வித்தியாசம், இந்தக் கோயம்பேட்டுக்கு அடுத்த சுவரில் ராஜா ராணி வந்து உட்காரும் நாடக அரங்கம்!

கற்பனை செய்து பாருங்கள். ராத்திரி 11 மணி. ஆட்டம் முடிந்து பட்டுக் கவுனும் வால் கோட்டுமாக சீமான்கள் வெளியே வருகிறார்கள். அதே நேரத்தில் மறுநாள் சந்தைக்கு வண்டிகள் வந்து சேர ஆரம்பிக்கின்றன. தலையில் கூடைமேல் கூடை அடுக்கிய போர்ட்டர்கள் ஒரு பக்கம், தரையில் முட்டைக்கோஸ் இலை வழுக்கிவிடாமல் கவுனைத் தூக்கிப்பிடித்து நடக்கும் சீமாட்டிகள் ஒரு பக்கம். இருவருக்கும் நடுவில், கூடையில் வயலட் பூங்கொத்துகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். கந்தல் சால்வை. "வாங்கிக்கோங்க ஐயா!" என்று கத்திக் கத்திக் கட்டைக்குரல்.

அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். அதற்கு முன்னால் ஆறு பென்ஸுக்கு என்ன மதிப்பு என்று பார்த்துவிடலாம். (பி.காம். படித்தவன். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.) அந்தக் காலத்து இங்கிலாந்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். ஆக, ஆறு பென்ஸ் என்பது அரை ஷில்லிங்.

1808 செப்டம்பரில் கோவென்ட் கார்டன் தியேட்டர் தீப்பிடித்து எரிந்தது. (1732-ல் திறந்த தியேட்டர் அது.) ஒரு வருஷத்துக்குள் புதுசாகக் கட்டி, 1809 செப்டம்பர் 18-ம் தேதி 'மேக்பெத்' நாடகத்தோடு திறந்தார்கள். கட்டின காசை எடுக்கவேண்டாமா? மேனேஜர் ஜான் ஃபிலிப் கெம்பிள் டிக்கெட் விலையை ஏற்றினார். பாக்ஸ் ஆறு ஷில்லிங்கிலிருந்து ஏழு. கீழே பெஞ்ச் டிக்கெட் மூன்றரை ஷில்லிங்கிலிருந்து நாலு. அதாவது, ஆறே ஆறு பென்ஸ்.

பொங்கிவிட்டது ஜனம். காசு கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, மேடையில் ஒரு வசனம்கூடக் கேட்காதபடி தகரம் தட்டினார்கள், கொம்பு ஊதினார்கள், கூட்டாகக் குதித்து ஆடினார்கள். சவப்பெட்டிகூடத் தூக்கிவந்தார்கள். 'பழைய விலை! பழைய விலை!' ஒருநாள் இரண்டுநாள் இல்லை... 67 ராத்திரி! கடைசியில் கெம்பிள் மேடையேறி மன்னிப்புக் கேட்டார். பெஞ்ச் டிக்கெட் பழையபடி மூன்றரை ஷில்லிங். பாக்ஸில் மட்டும் ஏற்றின விலை நின்றது.

நாடகம் பார்க்க வருகிறவர்கள் ஆறு பென்ஸுக்காக 67 நாள் சண்டை போட்டார்கள் அல்லவா? அதே ஆறு பென்ஸ், தியேட்டர் வாசலுக்கு வெளியே என்ன விலை?

அதற்கும் கணக்கு இருக்கிறது. ஹென்றி மேஹ்யூ என்று ஒரு பத்திரிகைக்காரர். லண்டன் தெருக்களில் பிழைப்பவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்து, என்ன விற்கிறாய், என்ன மிஞ்சுகிறது, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். அந்த எழுத்து 1851-ல் புத்தகமாக வந்தது. இன்றைக்கும் சரித்திரக்காரர்கள் புரட்டுகிற புத்தகம். என்னைக் கேட்டால், எங்கள் தொழிலில் யாரும் தாண்டாத புத்தகம்.

அதில் இரண்டு சகோதரிகள் வருகிறார்கள். அக்காவுக்கு 15 வயசு, தங்கைக்கு 11. அப்பா அம்மா இல்லை. கோவென்ட் கார்டனிலிருந்து கூப்பிடு தூரத்தில், ட்ரூரி லேன் பக்கத்துச் சந்து ஒன்றில் ஜாகை. 13 வயசுத் தம்பியும் கூட. அக்கா சொல்லும் வரவு செலவு இது: சந்தையில் ஒரு டஜன் பூங்கொத்து ஒரு ஷில்லிங். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டைப் பிரித்து, இரண்டு கொத்தை மூன்றாகக் கட்டவேண்டும். கட்ட நாணல்புல் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. 12 கொத்து 18 ஆகிறது. கொத்து ஒரு பென்னி. ஆக, வரவு 18 பென்ஸ். முதல் 12 பென்ஸ். மிச்சம்?

ஆறு பென்ஸ்.

ரொம்ப துரதிர்ஷ்டமான நாளாக இல்லாவிட்டால், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆறு பென்ஸுக்குக் குறையாமல் கொண்டுவந்துவிடுவார்களாம். சாப்பாடு, ரொட்டியும் டீயும். எப்போதாவது ராத்திரிக்கு ஒரு மீன்.

இந்த ஆறு பென்ஸுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பூ வாடினால் போச்சு. மழை அடித்தால் போச்சு. கூட்டத்தில் ஒருவன் கூடையை மிதித்தால் அன்றைக்கு முதலே காலி. நஷ்டத்தை எழுதிவைக்க ஒரு லெட்ஜர்கூட இல்லாத வியாபாரம்.

பெரிய வியாபாரிகளுக்கும் பூ சுலபமாக இருக்கவில்லை என்பது வேறு கதை. 1856-ல் தியேட்டர் மறுபடியும் எரிந்தது. 1858-ல் இப்போதிருக்கும் ஓபரா ஹவுஸ் எழுந்தது. அதை நடத்திய ஃப்ரெடரிக் கை என்பவர் மகா சாமர்த்தியசாலி. பக்கத்திலேயே கண்ணாடியும் இரும்புமாக 'ஃப்ளோரல் ஹால்' என்று பிரமாதமாக ஒரு மண்டபம் கட்டி, 1860-ல் திறந்தார். ராத்திரி சங்கீதம், பகலில் பூ வியாபாரம். இரண்டு பக்கமும் கல்லா! ஆனால், சந்தைக்குச் சொந்தக்காரரான பெட்ஃபோர்டு பிரபு சும்மா இருப்பாரா? 1871-72-ல் சந்தையின் தென்கிழக்கு மூலையில் தனியாகப் பூ மார்க்கெட்டே கட்டிவிட்டார். கையின் மண்டபத்தில் பூ மணக்கவில்லை. பிறகு பிரபுவே அதையும் வாங்கிப் பழ மார்க்கெட் ஆக்கினார். இன்று அதே மண்டபம் ஓபரா ஹவுஸோடு சேர்ந்துவிட்டது. இடைவேளையில் நீங்கள் ஷாம்பெய்ன் குடிப்பது அங்கேதான். (காபியும் குடிக்கலாம், பயப்படாதீர்கள்.)

பூ மார்க்கெட் என்ன ஆயிற்று? 1974 நவம்பரில் மொத்தச் சந்தையும் தேம்ஸ் நதிக்கு அந்தப்பக்கம் நைன் எல்ம்ஸுக்கு மூட்டை கட்டியது. காலியான பூ மார்க்கெட் கட்டடத்தில் 1980-ல் போக்குவரத்து மியூசியம் வந்தது. வயலட்டும் லில்லியும் குவிந்துகிடந்த இடத்தில் இன்று சிவப்பு பஸ்கள் நிற்கின்றன. நீங்கள் வாங்கப்போகும் பொக்கே அநேகமாக ஹாலந்து வழியாக வந்ததாக இருக்கும். காதலர் தின சீஸன் என்றால் நம் ஒசூர் ரோஜாவுக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, பூ மேடைக்குப் போன பிறகு?

அங்கே அதன் மதிப்பே வேறு. 1879-ல் ஃபிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் லண்டனில் நடிப்பதற்காக ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினார். ஓர் இளைஞர் கை நிறைய லில்லி மலர்களை அவர் காலடியில் வீசி, நடக்கப் பாதை போட்டார். 24 வயசு ஆஸ்கார் வைல்ட். மேடையேறும் முன்பே மரியாதை!

1962 பிப்ரவரி 21. ஓபரா ஹவுஸில் 'ஜிஸெல்' பாலே. மார்கோ ஃபான்டெய்னுக்கு 42 வயசு, ஓய்வு பெறப்போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஜோடி ருடால்ஃப் நூரியேவ், 23 வயசு, முந்தின வருஷம்தான் ரஷ்யாவை விட்டு ஓடிவந்தவர். ஆட்டம் முடிந்தது. கைத்தட்டல் ஓயவில்லை. தனக்கு வந்த கொத்திலிருந்து ஒரே ஒரு ரோஜாவை உருவி நூரியேவிடம் நீட்டினார் ஃபான்டெய்ன். அந்தப் பையன் சட்டென்று மண்டியிட்டு அவர் கையில் முத்தம் கொடுத்தான். 23 தடவை திரையை ஏற்றி இறக்கினார்களாம். அதற்குப் பிறகு இருவரும் பதினைந்து வருஷத்துக்கு மேல் சேர்ந்து ஆடினார்கள். இந்த ரோஜாவைப் பற்றி எழுதாத பாலே புத்தகம் அபூர்வம்.

(இதே மேடையில்தான் 1923-ல் அன்னா பாவ்லோவாவோடு நம் உதய்சங்கர் ராதா-கிருஷ்ணன் ஆடினார். அந்த பாவ்லோவாதான் பின்னாளில் ருக்மிணி தேவியிடம், உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் போங்கள் என்றவர். அது தனியாக ஒரு வாரம் எழுதவேண்டிய விஷயம்.)

மேடையில் விழுந்த ரோஜாவுக்கு சரித்திரம் இருக்கிறது. வாசலில் நின்றவளுக்கு? அவளுக்கும் ஒருவர் கிடைத்தார். பெர்னார்ட் ஷா.

சங்கீத விமர்சகராகவும் நாடக விமர்சகராகவும் ராத்திரி ராத்திரியாக லண்டன் தியேட்டர்களிலிருந்து வெளியே வந்த மனுஷர். அந்தப் பூக்காரியை எத்தனை தடவை தாண்டி நடந்திருப்பார்! 1912-ல் 'பிக்மேலியன்' எழுதினார். முதல் காட்சி எங்கே? கோவென்ட் கார்டன் சர்ச் முகப்பு. ராத்திரி 11.15. மழை. ஆட்டம் விட்டு வந்த கூட்டம் ஒதுங்கி நிற்கிறது. ஃப்ரெடி என்ற இளைஞன் ஓடிவந்து எலைஸா என்ற பூக்காரியின் கூடையில் மோதுகிறான். வயலட் பூ சேற்றில். அவனுடைய அம்மா நஷ்டஈடு கொடுக்க நினைக்கிறாள். சில்லறை இல்லை. இருந்ததிலேயே சின்ன நாணயம்... ஆறு பென்ஸ்!

மகள் பதறுகிறாள், கொத்து ஒரு பென்னிதானே, மீதியை வாங்கு என்று. கவனித்தீர்களா? மேஹ்யூ எழுதி அறுபது வருஷம் கழிந்திருக்கிறது. சாம்ராஜ்யம் எங்கெங்கோ பரவி, ரயில் வந்து, மோட்டார் வந்து... பூங்கொத்து அதே ஒரு பென்னி.

1914 ஏப்ரலில் லண்டனில் நாடகம் அரங்கேறியது. எலைஸாவாக நடித்த மிஸஸ் பாட்ரிக் கேம்ப்பெலுக்கு அப்போது வயசு 49. (சிரிக்காதீர்கள். நிஜத்தில் லண்டன் 'ஃப்ளவர் கேர்ள்'களில் பலர் பாட்டிகள்தான்.) பிற்பாடு இதே கதை 'மை ஃபேர் லேடி' என்ற இசை நாடகமாகி, 1958-ல் ட்ரூரி லேன் தியேட்டருக்கு வந்தது. மேஹ்யூவின் சகோதரிகள் குடியிருந்தார்களே, அதே ட்ரூரி லேன்! உள்ளே பொய்யான கோவென்ட் கார்டனில் ஜூலி ஆண்ட்ரூஸ் பூ விற்க, வெளியே நாலு எட்டில் நிஜ மார்க்கெட் நடந்துகொண்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடி, 2,281 காட்சிகள். பூக்காரியாக நடிப்பவருக்கு ரசிகர்கள் பூங்கொத்து அனுப்பும் காலம் வந்தே விட்டது.

ஆனால், 1914-ல் நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். எலைஸாவுக்கும் அவளுக்குப் பாஷை சொல்லிக்கொடுத்த ஹிக்கின்ஸுக்கும் கல்யாணம் கிடையாது என்பதில் ஷா கறார். அவள் தன் காலில் நிற்கப்போகிறாள், அவ்வளவுதான். ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீக்கு அது ஒப்பவில்லை. ஜனங்களுக்குக் காதல் வேண்டாமா? நூறாவது நாள் ஆட்டத்துக்கு ஷா வந்து உட்கார்ந்தார். கடைசிக் காட்சி. எலைஸா வெளியேறுகிறாள். திரை விழப்போகிறது. ட்ரீ ஜன்னலருகே போய், கீழே போகும் எலைஸாவை நோக்கி ஒரு பூங்கொத்தை வீசினார்!

ஷாவுக்கு வந்ததே கோபம். உன் முடிவுக்காக உன்னைச் சுடவேண்டும் என்கிற அளவுக்குப் போனார். ட்ரீயோ, இந்த முடிவால்தான் வசூலாகிறது, நீர் நன்றி சொல்லவேண்டும் என்றார்.

ஷா விடவில்லை. 1916-ல் நாடகம் புத்தகமாக வந்தபோது, கதை அப்புறம் என்ன ஆயிற்று என்று பின்னுரை எழுதிச் சேர்த்தார். எலைஸா, ஒன்றுக்கும் உதவாத அந்த ஃப்ரெடியைக் கட்டிக்கொள்கிறாள். கர்னல் பிக்கரிங் பண உதவியில், ஒரு ரயில்வே ஸ்டேஷன் ஆர்கேடில் பூக்கடை வைக்கிறாள். கடை ரொம்ப நாள் ஓடவில்லை. காரணம், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கணக்கு வராது. செக் புத்தகம் என்றால் என்ன என்று ஃப்ரெடிக்குக் கர்னல் பாடம் நடத்தவேண்டியிருந்தது. சாயங்கால வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் படியேறி, பூக்கடை நடத்த ஏதாவது கோர்ஸ் உண்டா என்றும் கேட்டார்கள். (அந்தக் கல்லூரியை ஆரம்பித்தவர்களில் ஷாவும் ஒருவர். குசும்பு!) ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் படிப்பையெல்லாம் தூக்கிப்போட்டார்கள். பூவோடு ஆஸ்பராகஸ் மாதிரி காய்கறியும் சேர்த்து விற்றார்கள். கடைக்கு அதற்கப்புறம்தான் லாபம் வந்தது.