கேசட்டுக்குள்ள ஒரு பேட்டரி

எங்க ஆர்.கே.பேட்டையில தறிச் சத்தத்துக்கு நடுவுல டிவி கேம் ஆடி வளர்ந்தவங்களுக்கு கேசட்னா மஞ்சக் கலர் கேசட்தான். மேல 9999 கேம்னு போட்டிருக்கும், உள்ள நாலஞ்சு கேம்தான் திரும்பத் திரும்ப வரும் (எண்ணிப் பார்த்தவங்க கையைத் தூக்குங்க). 1983-ல நிண்டெண்டோ ஜப்பான்ல விட்ட ஃபேமிகாமோட நகல் அந்தப் பெட்டி. சேவ் எல்லாம் கிடையாது. கரண்ட் போனா மரியோ மறுபடி முதல் ஸ்டேஜ்ல நிப்பார்.

1986-ல செல்டா ஜப்பான்ல டிஸ்க்ல வந்துச்சு, ஆடினது அந்த டிஸ்க்லயே பதிவாகிடும். 1987-ல அதையே அமெரிக்காவுக்கு கேசட்டா அனுப்பினப்ப எங்க பதிவு பண்றது? 8 கிலோபைட் ரேம் சிப் ஒண்ணு, அதுக்கு உயிர் கொடுக்க 3 வோல்ட் பட்டன் செல் ஒண்ணு. அவ்ளோதான் சங்கதி. செல் செத்தா கேம் ஓடும், சேவ் மட்டும் நிக்காது.

போன வருஷம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கேம்பாய் போகிமான் கோல்டு கேசட்டோட வந்தான். "மாமா, பேட்டரி மாத்தியும் சேவ் நிக்கல." 1999-ல ஜப்பான்ல வந்த கேம் அது. உள்ள ஒரு கடிகாரமும் ஓடுறதால, 1996-ல வந்த முதல் போகிமானைவிட இதுல பேட்டரி சீக்கிரம் தீரும்.

புது செல்லு (சிஆர்2025) மேல மீட்டர் வச்சா சரியா 3 வோல்ட். ப்ளஸ் மைனஸும் சரி. ஆனா போர்டுல தகடு ஒட்டியிருக்கிற இடத்துல வச்சா ஒண்ணுமே இல்ல! மைனஸ் பக்கம் ஈயம் உருண்டையா உக்காந்திருக்கு, பிடிக்கல. ஃப்ளக்ஸ் தடவி மறுபடி சூடு காட்டினதும் வோல்டேஜ் வந்துடுச்சு. செல் மேலயே நேரா பத்த வைக்காதீங்க, வெடிக்கும். தகடு ஒட்டியே வர்ற செல் கிடைக்குது, அதை வாங்குங்க. சோதிக்கிறப்பவும் ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணிப் பார்த்தா ஏமாத்தும். ஒரு ராத்திரி விட்டுப் பார்க்கணும்.

அவன் அண்ணன் சின்ன வயசுல ஆடின சேவ் மட்டும் திரும்பல. பழைய செல் தீர்ந்தப்பவே அது போயாச்சு. உங்க வீட்டுக் கேசட்ல சேவ் இன்னும் உயிரோட இருந்தா, கேசட் ரீடர் வச்சு முதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, அப்புறம் ஸ்க்ரூவைக் கழட்டுங்க.