சிறுதேருக்கு முன்: முதலாண்டுக் குழந்தையின் விளையாட்டுப் பொருளும் பிள்ளைத்தமிழ் மரபும்

முன்னுரை

முதல் பிறந்த நாளுக்கு முன் குழந்தையின் கையில் எந்த விளையாட்டுப் பொருளைக் கொடுப்பது என்னும் வினா, இன்று பெரும்பாலும் கடைத்தெருவில் எழுகின்ற வினாவாகும். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட மாதக் கணக்கே அதற்கு விடையாகவும் கொள்ளப்படுகிறது. குழந்தைப் பருவத்தை மாத அளவில் பகுத்துக்காணும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழுக்கு வகுத்த பத்துப் பருவங்களும் அத்தகைய பகுப்பே. அப்பகுப்பில் விளையாட்டுப் பொருள் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தொல்பொருளும் சங்கப் பாட்டும்

இந்தியத் துணைக்கண்டத்தில் மிகப் பழைய விளையாட்டுப் பொருள்கள் சிந்துவெளியிலிருந்து கிடைக்கின்றன. மொகஞ்சதாரோ, அரப்பா அகழ்வுகளில் சுடுமண் வண்டிகளும், பறவை வடிவ ஊதல்களும், உள்ளீடற்ற உருண்டைக்குள் சிறு மண்குண்டுகள் இட்ட கிலுகிலுப்பைகளும் வெளிப்பட்டன. ஆயினும் கிடைத்த பொருள் தன்னை ஆட்டிய கையின் வயதைச் சொல்வதில்லை. அதனைச் சொல்வது இலக்கியம்.

பெரும்பாணாற்றுப்படை உழவர்தம் பேரூரைக் காட்டுமிடத்தில், தச்சரின் பிள்ளைகளும் விரும்பும்படி செய்யப்பட்ட சிறுதேர் ஒன்று வருகிறது. நாள்தோறும் தேர்வேலையைப் பார்த்து வளரும் பிள்ளைகளே விரும்பினர் என்பது அத்தச்சனுக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ். அது ஏறிச் செல்லும் தேரன்று. உருட்டிச் செல்லும் தேர். தளர்நடையிட்டு அதனை உருட்டிய புதல்வர் களைத்து, செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குகின்றனர். பட்டினப்பாலையில், உணங்கும் நெல்லைத் தின்னவந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரை வழிமறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் காட்டவே இக்காட்சி ஆளப்படுகிறது. எனினும் வண்டிக்கு மூன்று சக்கரம் என்ற செய்தி நமக்கு மிச்சமாகிறது. இரு பாட்டையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனாரே என்பதும் நோக்கத்தக்கது. குறுந்தொகை 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் காட்டும் சிறுவர், தச்சன் செய்த சிறுவண்டியில் ஊர்ந்து செல்ல இயலாவிடினும் கையால் இழுத்து மகிழ்கின்றனர்.

இம்மூன்று இடங்களிலும் குழந்தை வண்டிக்குள் இல்லை. வண்டியைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. தன் காலில் நிற்கத் தொடங்கிய பின்னரே வண்டி அதற்குப் பயன்படுகிறது.

பருவங்களும் மாதங்களும்

பெரியாழ்வார் பாடல்களில் முளைவிட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் முழுவடிவம் பெற்றது இவ்விலக்கிய வகை. பாட்டியல் மரபில் ஒரு கணக்கு, மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களைப் பருவங்களுக்கு உரியதாக்குகிறது. மூன்றில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என அது அமையும். வருகையைப் பன்னிரண்டாம் மாதத்தில் வைப்போரும் உளர்.

இவ்வரிசையில் முதலாண்டுக்குரிய ஐந்து பருவங்களையும் எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றுள் ஒன்றுகூட விளையாட்டுப் பொருளின் பெயரால் அமையவில்லை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. நாவசைத்துப் பாடும் தாலாட்டு தால். கைகொட்டுதல் சப்பாணி. குழந்தையின் உடலும், அருகிருப்பவரின் குரலுமே விளையாட்டுக் கருவிகள். பறையும் தேரும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியிலேயே, பத்தொன்பது, இருபத்தொன்றாம் மாதங்களில் வருகின்றன.

இங்கு இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். முதல் ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் எனவும் மரபு பிரிவது எட்டாம் பருவத்திலேதான். முதலாண்டுக் குழந்தைக்கு ஆண் விளையாட்டு, பெண் விளையாட்டு என்ற வேற்றுமையைப் பாட்டியலார் கருதவில்லை. கைக்குழந்தையின் கிலுகிலுப்பையையும் நீலம், இளஞ்சிவப்பு எனப் பிரித்து அடுக்கும் இன்றைய கடைக்காரர் கருதுகின்றார்.

இதனைக் கொண்டு நம் முன்னோர் குழந்தை உளவியலை முன்னரே கண்டறிந்தனர் என்று முழங்குவது ஆய்வாகாது. பருவங்களின் மாதங்கள் செய்யுள் வழக்கு. பாடப்படுவோர் மன்னரும் தெய்வங்களும். ஒற்றைப்பட்ட எண்ணை நன்றெனக் கொண்ட மரபும் அக்கணக்கில் கலந்திருக்கலாம். ஆயினும் வழக்கு வெறும் கற்பனையிலிருந்து பிறப்பதில்லை. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீடு, தனித்து நடக்கும் காலத்தை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை என வரையறுத்தது. வருகைப் பருவம் ஏறத்தாழ அதன் நடுவில் நிற்கிறது. மாதத்தைக் காட்டிலும் அந்த அகன்ற இடைவெளியே பெற்றோர் கவனிக்க வேண்டியது; எட்டு மாதத்தில் நடக்கும் குழந்தையும் பதினேழு மாதத்தில் நடக்கும் குழந்தையும் இயல்பான குழந்தைகளே.

கிண்கிணி என்னும் கருவி

அவ்வாறாயின் முதலாண்டில் குழந்தைக்குப் பொருளே இல்லையா? உண்டு, அவை அணிகலன் என்னும் பெயரில் உள்ளன. செங்கீரைப் பாடல்களில் குழந்தை ஆடும்போது காலின் கிண்கிணியும் அரைஞாண் மணியும் ஒலிப்பதைப் புலவர்கள் மீண்டும் மீண்டும் பாடுவர். அழகுக்காகப் பூட்டப்பட்ட அணியே குழந்தையின் முதல் ஒலிக்கருவியாகிறது. கால் அசைந்தால் ஒலி. அசையாவிடில் ஒலி இல்லை. தன் செயலுக்கு உலகம் விடையளிக்கிறது என்பதைக் குழந்தை அறியும் வழி இதுவே.

1969இல் கரோலின் ரோவி, டேவிட் ரோவி ஆகியோர் செய்த சோதனை இதனோடு ஒப்பிடத்தக்கது. தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையைப் பத்து வாரக் குழந்தையின் காலோடு நாடாவால் இணைத்தனர். தன் உதைப்பால் பொம்மை ஆடுவதை உணர்ந்த குழந்தை, மேலும் மேலும் உதைத்தது. நம் தொட்டிலுக்கு மேல் கட்டப்பட்ட மரக்கிளிகள் பார்ப்பதற்கு, கிண்கிணி செய்வதற்கு. இவ்விரண்டில் குழந்தையை நீண்ட நேரம் ஈடுபடுத்துவது எது என்பதைத் தாய்மார் அறிவர்.

தோட்டமும் கடையும்

மலாயாத் தோட்டங்களில் தாய் பால்மரம் வெட்டச் சென்றபின் குழந்தை ஆயாக் கொட்டகையில் புடவைத் தொட்டிலில் கிடந்தது. விலைகொடுத்து வாங்கிய பொம்மை அங்கு அரிது. வெறும் பால் டின்னில் கூழாங்கல்லை இட்டு மூடினால் கிலுகிலுப்பை; அதற்குத் துணை ஆயாவின் பாட்டு. இதனைப் பொற்காலமாகக் காட்டுதல் என் நோக்கமன்று. டின்னின் விளிம்பு கையைக் கிழிக்கும். பல குழந்தைகளுக்கு ஓர் ஆயா என்ற நிலையில் பாட்டும் பங்கிடப்பட்டது. ஓலைக் கிலுகிலுப்பை பிரிந்து உள்ளிருக்கும் விதை வெளிப்பட்டால் அது தொண்டையை அடைக்கும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருள் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுவதும் அடங்கிவிடலாகாது என்னும் இன்றைய அமெரிக்க விதி, மரபு நமக்குத் தராத பாதுகாப்பாகும்.

மறுபுறம், புதிய பொருள் எல்லாம் முன்னேற்றமும் அன்று. குழந்தையை உள்ளே அமர்த்தி உருளவிடும் வட்ட வண்டியையும் இன்று பலர் நடைவண்டி என்றே அழைக்கின்றனர். பெயர் ஒன்று, பொருள் வேறு. மரநடைவண்டியை நின்று தள்ள வேண்டும். வட்ட வண்டியோ நிற்கத் தெரியாத குழந்தையை நிற்பவர் வேகத்தில் கொண்டுசெல்லும், படிக்கட்டுக்கும் கொண்டுசெல்லும். கனடா 2004இல் அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடைசெய்தது. அதில் அமர்ந்து பழகுவதால் நடை விரைவில் வருவதுமில்லை.

தமிழாசிரியர்க்கு இன்னும் நெருக்கமானது பேசும் பொம்மை. ஆன்னா சோசா 2016இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 16 மாதம் வரையிலான 26 குழந்தைகள் பெற்றோருடன் விளையாடியது பதிவு செய்யப்பட்டது. ஒலியும் ஒளியும் எழுப்பும் மின்பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள், நூலோ மரக்கட்டைகளோ இருந்தபோது பேசியதைக் காட்டிலும் குறைந்தன. பொம்மை பேசும்போது தாய் வாய்மூடுகிறாள். சிறிய ஆய்வுதான், ஆங்கிலம் பேசும் குடும்பங்களில் நிகழ்ந்தது. ஆனால் சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரிதும் தமிழ் பேசும் இந்தியர் 2010இல் 36.7 விழுக்காடாக இருந்து 2020இல் 27.3 விழுக்காடாகக் குறைந்துள்ளனர். அத்தகைய வீட்டில் ஆங்கிலத்தில் எண்ணும் பொம்மை எடுத்துக்கொள்வது எவருடைய இடத்தை என்பது எண்ணத்தக்கது. தால் என்பதற்கு நா என்று பொருள். ஏழாம் மாதப் பருவத்திற்கு நாவின் பெயரையே இட்ட மரபு, அங்குக் குழந்தைக்கு வேண்டுவது இன்னொருவரின் நா என்று கருதியதாகத் தோன்றுகிறது.

வகுப்பறையில் பிள்ளைத்தமிழ் கற்பிக்கும்போது பத்துப் பருவங்களின் பெயரையும் மாணவர் மனப்பாடமாகச் சொல்லிவிடுவர். மாதங்களைப் பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் எந்தப் பருவத்தின் பெயரில் முதன்முதலாகக் கையிலெடுக்கும் பொருள் ஒன்று வருகிறது எனக் கேட்டால் பலரும் சிறுதேர் என்பர். அம்புலி எட்டாத வானில் இருக்கிறது. சிற்றில் சிறுமியர் கட்டியது, அவனுடையதன்று. அவன் கைக்கு முதலில் வருவது பறைக்குணில். அப்போது அவனுக்குப் பத்தொன்பது மாதம்.